டெலிவிஷன் வளர்ந்த கதை – 9: விட்டுக்கொடுத்த ஆயிரம் டாலர்

நியூயார்க் நகரத்து நாடக மேடைகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் பக்கத்திலே பிறந்து வளர்ந்த அமெரிக்க டெலிவிஷன், தன் இளமைப் பருவத்தில், நிகழ்ந்த கணத்திலேயே மறைந்துபோகும் கலையாக இருந்துவந்ததென்பதைச் சென்ற பகுதிகளில் விரிவாகப் பார்த்தோம். ஸ்டூடியோவில் நடிகர்கள் நடித்தார்கள். அந்த நிமிஷத்திலேயே அது வீடுகளின் கூடத்தில் தெரிந்தது. விளக்கை அணைத்ததும் எல்லாம் முடிந்தது. அதைச் சேமித்து வைப்பதற்கு அன்று பெரும்பாலும் கையாளப்பட்ட உபாயம், டெலிவிஷன் பெட்டியின் திரைக்கு எதிரே ஒரு சினிமாக் காமிராவை நிறுத்தி, அங்கே ஓடுகிற சித்திரத்தையே மறுபடியும் படம் பிடித்துக்கொள்வது. கினெஸ்கோப் என்று அழைக்கப்பட்ட அந்தப் பிரதி மங்கலாகவும் கலங்கலாகவும் இருக்கும். முகம் தெரியும், முகத்தில் ஓடும் பாவம் தெரியாது. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் டெலிவிஷன் தொடர்பு 1951 செப்டம்பரில்தான் ஏற்பட்டதாகையால், அதுவரையில் கலிபோர்னியா வாசிகள் நியூயார்க் நிகழ்ச்சிகளை இந்தக் கலங்கல் பிரதிகளின் மூலமாகவே நாள் கழித்துப் பார்த்துவந்தார்கள்.

இந்த நிலை மாறிய விதத்தைச் சொல்லப் புகுந்தால், லூசில் பால் என்னும் நடிகையின் ஜீவிய சரித்திரத்தைச் சொல்லாமல் தீராது. ஆடையலங்காரக் கடையில் மாடலாக நின்று, சிகரெட் விளம்பரத்தில் சிரித்து, ஹாலிவுட்டில் பதினைந்து வருஷங்களுக்கு மேல் பெரும்பாலும் இரண்டாந்தரப் படங்களில் உழன்று, நாற்பதாவது வயதில் டெலிவிஷனுக்கு வந்த அந்த மாது, ஒரு தொழிலின் அமைப்பை மாற்றிவிட வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டு எதையும் தொடங்கியவரல்லர். வாத்தியக் கோஷ்டியோடு ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்த தம் கணவர் இனிமேலாவது வீட்டோடு இருக்கவேண்டும் என்பதே அவர் கேட்டது. அதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள் எங்கெங்கே கொண்டுபோய் விட்டன என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம்.

1911 ஆகஸ்டு 6ஆம் தேதி, நியூயார்க் ராஜ்யத்தின் மேற்கோரத்தில் உள்ள ஜேம்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் லூசில் பிறந்தாள். தகப்பனார் டெலிபோன் கம்பெனியில் கம்பி இழுக்கும் வேலை பார்த்தவர். உத்தியோகத்தின் பொருட்டு மாண்டானா, மிச்சிகன் என்று குடும்பம் இடம் பெயர்ந்துகொண்டிருந்த சமயத்தில், 1915 பிப்ரவரியில், டைபாய்டு ஜுரம் கண்டு அவர் இறந்துபோனார். குழந்தைக்கு அப்போது மூன்று வயது; தாயார் மறுபடியும் கர்ப்பவதியாக இருந்தாள். அன்றிலிருந்து செலரான் என்னும் ஏரிக்கரைக் கிராமத்திலிருந்த தாய்வழிப் பாட்டனார் பிரெட் ஹண்ட்டின் வீடே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. தாயார் மறுவிவாகம் செய்துகொண்டு வேலை தேடி வெளியூர் சென்ற காலத்தில், பெண் மட்டும் மாற்றாந்தகப்பனாரின் பெற்றோரிடம் விடப்பட்டாள். ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறிய அவர்கள், கண்ணாடியில் முகம் பார்ப்பதே அகங்காரத்துக்கு இடம் கொடுக்கும் என்று நம்பிய ஆசாரசீலர்கள். குளியலறையில் ஒன்றைத் தவிர அந்த வீட்டில் வேறு கண்ணாடி கிடையாது. அதன் முன் சற்று அதிக நேரம் நின்றுவிட்ட குற்றத்துக்காகச் சிறுமி கண்டிக்கப்பட்டதை, பின்னாளில் கோடிக்கணக்கான ஜனங்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரியான பிறகும் அவர் மறக்கவில்லை.

பாட்டனார் வேறு விதமான மனிதர். மரவேலைத் தொழிலாளி, சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் யூஜின் டெப்ஸிடம் பக்தி கொண்டவர், பேரக் குழந்தைகளை ஊருக்கு வரும் வேடிக்கை நாடகங்களுக்கு அழைத்துப்போகிறவர். 1927ஆம் வருஷத்தில் அவர் பேரனுக்கு வாங்கிக்கொடுத்த துப்பாக்கியைக் கொண்டு வீட்டுக் கொல்லையில் குறி பார்த்துச் சுட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன்மேல் குண்டு பாய்ந்து அவன் முடமாகிவிட்டான். வழக்கு நடந்தது. செலரான் வீடு கையை விட்டுப் போயிற்று. முதியவருடைய மனமும் ஒடிந்தது. கிழவரிடத்தில் பேத்திக்கு இருந்த பிரியமும் இரக்கமும் பிற்காலத்தில் ஒரு பெரிய ஆபத்தையே விளைவித்தன. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

நடிப்பில் அவளுக்கு இருந்த ஆசையைக் கண்டு, தாயார் 1926இல் நியூயார்க்கிலிருந்த ஜான் மர்ரே ஆண்டர்ஸனுடைய நாடகப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கே அப்போது பயின்றவர்களில் பெட்டி டேவிஸ் ஒருவர். அவருடைய திறமையைக் கண்டு வியந்து நின்ற ஆசிரியர்கள், வாய் திறக்கவே கூசி மூலையில் ஒதுங்கிய கிராமத்துப் பெண்ணைப் பற்றித் தாயாருக்கு எழுதியதன் சாரம், பணத்தை வீணாக்க வேண்டாம் என்பதே. பெண் ஊர் திரும்பினாள். ஆனால் நியூயார்க்கை விடவில்லை. மறுபடியும் மறுபடியும் அங்கே போய், கோஷ்டி நடனப் பெண்ணாகச் சேர முயன்று, சேர்ந்த இடங்களிலெல்லாம் சில நாட்களுக்குள் விலக்கப்பட்டு, கடைசியில் வயிற்றுப் பிழைப்புக்காக மாடல் வேலையை ஏற்றுக்கொண்டாள்.

மாடல் என்றால் இன்று வாசகர்கள் நினைக்கக்கூடிய மின்னொளியும் பிரசித்தியும் அந்த வேலையில் இருந்ததில்லை. ஹேட்டி கார்னகி என்னும் அம்மையார் அக்காலத்தில் நியூயார்க்கின் செல்வச் சீமாட்டிகளுக்கு உடை தைத்துக் கொடுப்பதில் முதல் ஸ்தானம் வகித்தவர். அவருடைய கடைக்கு வரும் வாடிக்கைக்காரிகள் ஆசனங்களில் சாய்ந்திருக்க, மாடல்கள் உடை மேல் உடையாக மாற்றிக்கொண்டு அவர்கள் முன்னே நடந்து காட்டவேண்டும். எப்படி நின்றால் துணி எப்படி விழும், விலைமதிப்பற்ற மென்மயிர் அங்கியை வீட்டுச் சால்வையைப் போல் அலட்சியமாகத் தோளில் போட்டுக்கொள்வது எப்படி என்பதெல்லாம் பயிற்சியினால் வரவேண்டிய வித்தை. கடைக்கு வந்துபோன சினிமா நட்சத்திரங்களாகிய பென்னெட் சகோதரிகளின் சாயல் லூசிலிடம் இருப்பதைக் கண்ட கார்னகி, அவளுடைய பழுப்புத் தலைமயிரைப் பொன்னிறமாக்கச் செய்தார். தேகத்தைத் தன் ஆக்ஞைக்கு உட்படுத்தி நிறுத்தும் வித்தையை லூசில் அங்கேதான் கற்றாள் என்பது என் அபிப்பிராயம். பிற்காலத்தில் அவர் வழுக்கி விழுவதும், ஏணியில் தொங்குவதும், நிறைந்த தட்டோடு தள்ளாடுவதும் பார்ப்பவருக்குத் தற்செயலாகத் தோன்றினவே தவிர, அவற்றில் ஓர் அங்குல அசைவுகூடக் கணக்குப் பிசகி நடந்ததில்லை.

இடையில் கடுமையான மூட்டு வாத நோய் கண்டு, கால்களை ஊன்றவும் முடியாமல் ஜேம்ஸ்டவுனுக்குத் திரும்பி நெடுங்காலம் சிகிச்சை பெற நேர்ந்தது. 1932இல் நியூயார்க்குக்கு மீண்டு வந்து, டயேன் பெல்மாண்ட் என்னும் புனைபெயரோடு மறுபடியும் மாடல் வேலையில் புகுந்தபோது, செஸ்டர்பீல்டு சிகரெட்டுக்காரர்கள் அவருடைய முகத்தைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தப் படமே ஹாலிவுட்டுக்கு வழி திறந்தது எனலாம். 1933இல் சாமுவேல் கோல்ட்வின் எடுத்துக்கொண்டிருந்த ‘ரோமன் ஸ்காண்டல்ஸ்’ என்னும் படத்துக்கு அழகிகளின் கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களில் ஒருத்தி கடைசி நேரத்தில் வராமற்போகவே, தெருவில் கண்ட ஏஜெண்டு ஒருத்தி சொல்லிய தகவலைக் கொண்டு லூசில் அந்த இடத்தைப் பெற்றார். படத்தின் கதாநாயகராகிய எட்டி கான்டர் அணிவகுத்து நின்ற அழகிகளைப் பார்வையிட்டுக்கொண்டு வந்தபோது, லூசில் சிவப்புக் காகிதத்தைக் கிழித்து நனைத்து அம்மை வார்த்ததுபோல் முகமெங்கும் ஒட்டிக்கொண்டு நின்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. அழகைக் காட்டுவதற்காகக் கூலி பெற்ற இடத்தில் அழகைக் கெடுத்துக்கொண்டு சிரிப்பை வாங்கத் துணிந்த பெண் என்ற அளவில், அந்தக் கதையை நம்புவதற்குத் தடையில்லை.

பிறகு வந்த ஹாலிவுட் வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம்; அவற்றில் அதிகம் நேர்ந்ததும் இல்லை. கொலம்பியா கம்பெனியில் சிறிது காலம், ஆர்.கே.ஓ. கம்பெனியில் ஏழு வருஷங்கள். பிறகு மெட்ரோ கோல்ட்வின் மேயர். ‘ஸ்டேஜ் டோர்’, ‘டான்ஸ், கர்ல், டான்ஸ்’, ‘தி பிக் ஸ்ட்ரீட்’ என்று நல்ல படங்கள் சில உண்டு. ஆனால் அவரைத் துணைப்படங்களின் ராணி என்றே பத்திரிகைகள் குறிப்பிட்டன. ஆர்.கே.ஓ.வில் ஜிஞ்சர் ராஜர்ஸின் தாயார் லீலா ராஜர்ஸ் நடத்திய பயிற்சி வகுப்பும், மெட்ரோவில் தொழில் இழந்து மூலையில் உட்கார்ந்திருந்த மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன், கையில் எடுத்த சாமான் எதுவானாலும் அதைக் கொண்டு சிரிப்பு விளைவிப்பது எப்படி என்று கற்பித்ததுமே அக்காலத்தின் மெய்யான லாபங்கள். 1943இல் வந்த வர்ணப்படம் ஒன்றுக்காக மெட்ரோவின் சிகையலங்கார நிபுணர் அவருடைய தலைமயிரைச் செம்பிழம்பு நிறமாக்கினார். அந்தச் செந்தலை அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது; அவரைப் பெரும்புகழுக்கு உயர்த்திய டெலிவிஷன் அந்நாளில் கறுப்பு வெள்ளையாக இருந்தமையால், அதைப் போற்றிய ரசிகர்களில் பெரும்பாலோர் சாம்பல் நிறத்தையே பார்த்துவிட்டுச் சிவப்பென்று நம்பினார்கள்.

1940இல் ‘டூ மெனி கர்ல்ஸ்’ என்னும் படத்தில் நடிக்கும்போது டெஸி ஆர்னாஸைச் சந்தித்தார். கியூபா தேசத்தில் சாந்தியாகோ நகரத்தின் மேயருடைய குமாரர். 1933ஆம் வருஷத்துப் புரட்சியில் சொத்து சுதந்தரங்களையெல்லாம் இழந்து அமெரிக்காவுக்கு ஓடிவந்த குடும்பம். மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காங்கா நடனப் பாட்டுப் பாடியே பெயர் பெற்ற இளைஞர். லூசிலைவிட ஐந்தரை வயது இளையவர். அந்த வருஷம் நவம்பர் 30ஆம் தேதி கனெக்டிகட்டில் அவசரமாக விவாகம் நடந்தது. அதன் பிறகு பத்து வருஷ காலம் அந்தத் தம்பதிகள் ஓர் ஊரில் சேர்ந்து வாழ்ந்த நாட்கள் சொற்பம். இவர் ஸ்டூடியோவுக்கு விடியற்காலையில் புறப்படுகையில் அவர் கச்சேரி முடித்து வீடு திரும்பிக்கொண்டிருப்பார். அல்லது கோஷ்டியோடு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார். அவருக்குக் குடியும் பெண் சபலமும் இருந்தன. 1944இல் லூசில் விவாகரத்துக்கு மனுப்போட்டு, பிறகு சமாதானமாகிப் போனதும் உண்டு.

இந்த நிலையில், 1948 முதல் சி.பி.எஸ். வானொலியில் ‘மை பேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற ஹாஸ்யத் தொடரில் லூசில் ஒரு குறும்புக்கார மனைவியாக நடித்து வெற்றி பெற்றிருந்தார். அதையே டெலிவிஷனுக்கு மாற்றித் தரவேண்டுமென்று கம்பெனியார் கேட்டார்கள். சரி, ஆனால் கணவனாக வானொலியில் நடித்தவர் வேண்டாம், மெய்யான கணவரே நடிக்கவேண்டும் என்றார் அவர். உச்சரிப்பில் ஸ்பானிஷ் வாடை வீசும் கியூபாக்காரனை அமெரிக்கப் பெண்ணின் கணவனாக ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்பது சி.பி.எஸ். அதிகாரிகளின் கட்சி. தர்க்கம் செய்து பயனில்லை என்று கண்ட தம்பதிகள், 1950ஆம் வருஷக் கோடையில் தாங்களே ஒரு வேடிக்கை நாடகம் தயாரித்து ஊர் ஊராக நடத்தி, ஜனங்களைக் கொண்டே அதற்குப் பதில் சொல்லச் செய்தார்கள். தங்கள் இருவர் பெயர்களையும் சேர்த்து டெஸிலு என்று ஒரு கம்பெனியையும் ஏற்படுத்திக்கொண்டார்கள்.

மாதிரிக் காட்சியைப் பார்த்துவிட்டு, பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியார் செலவை ஏற்க முன்வந்தனர். செஸ்டர்பீல்டு விளம்பரப் பெண்ணாக இருந்தவர் அதன் போட்டிக் கம்பெனியின் தயவில் நடிக்க நேர்ந்தது. அவர் பழைய சிகரெட்டையே பிலிப் மாரிஸ் பெட்டிக்குள் போட்டு வைத்துப் புகைத்தார் என்று வம்பு பேசினவர்கள் உண்டு. சிகரெட்டுக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: வாங்குகிற ஜனங்கள் கிழக்குப் பிரதேசத்தில்தான் அதிகம், அவர்களுக்குக் கலங்கல் பிரதியைக் காட்ட முடியாது, ஆகையால் நியூயார்க்குக்கு வந்து நேரடியாக நடிக்கவேண்டும். லூசில் அப்போது முதற் குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். கலிபோர்னியாவில் வீடு, நிலம், தாயார் எல்லாம் இருந்தன. இத்தனை வருஷம் காத்திருந்து கணவரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்புவதா? முடியாது என்றார்கள்.

அப்படியானால் ஹாலிவுட்டிலேயே சினிமாப் பிலிமில் எடுத்து, எல்லா ஊர்களுக்கும் ஒரே தெளிவோடு காட்டுவோம் என்று டெஸி யோசனை சொன்னார். ஒரு காட்சிக்கு 5,000 டாலர் அதிகம் பிடிக்கும் என்று கணக்காயிற்று. சி.பி.எஸ். 2,000, சிகரெட் கம்பெனி 2,000 என்று ஏற்ற பிறகும் 1,000 டாலர் குறைந்தது. வாரம் 5,000 டாலர் என்று பேசியிருந்த தங்கள் சம்பளத்தை 4,000 ஆகக் குறைத்துக்கொள்வதாகத் தம்பதிகள் ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டார்கள்: முதல் தடவை ஒளிபரப்பான பிறகு, பிலிம் சுருள்கள் எங்களுக்குச் சொந்தம். கம்பெனி அதிகாரிகள் யோசிக்காமலே கையெழுத்திட்டார்கள். அவர்களை மூடர்கள் என்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் முந்தின நாள் பத்திரிகையைக் காசு கொடுத்து யார் வாங்குவார் என்பதைப் போன்றதே அன்றைய டெலிவிஷன் உலகத்தின் நம்பிக்கை. ஒரு முறை பார்த்த வேடிக்கையை ஜனங்கள் இரண்டாம் முறை பார்ப்பார்கள் என்று எண்ணியவர் மிகச் சிலரே.

பிலிமில் எடுப்பதென்று முடிவானதும் வேறொரு சங்கடம் தலைதூக்கியது. எதிரே ஜனங்கள் உட்கார்ந்து சிரித்தால்தான் லூசிலுக்கு நடிப்பு ஓடும். சினிமா எடுக்கும் முறையிலோ ஒவ்வொரு துண்டுக்கும் விளக்கை மாற்றி மாற்றி வைத்து நாளெல்லாம் எடுப்பார்கள், பார்க்க வந்தவர்கள் தூங்கிப்போவார்கள். இதற்கு வழி காண்பதற்காக அழைக்கப்பட்டவர் கார்ல் பிராயண்டு. பொஹீமியாவில் பிறந்து பெர்லினில் தொழில் கற்று, 1927இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் மகா சித்திரத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். ‘தி குட் எர்த்’ படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். அந்தக் காலத்தில் ஒளியை அளக்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்திக்கொண்டு ஒதுங்கியிருந்தார். நடக்காத காரியம் என்று முதலில் மறுத்தார். முடியாதது என்று சொன்ன பிறகு அதைச் செய்து பார்க்காமல் இருக்கவும் அவரால் முடியவில்லை போலும்.

விளக்குகளையெல்லாம் தரையிலிருந்து எடுத்து மேலே தொங்கவிட்டு, செட் முழுவதும் ஒரே சீரான ஒளி பரவும்படி செய்தார். எந்தக் காமிரா எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிழல் விழாது. காட்சிச் சாலையின் சுவர்களையும் சாமான்களையும் சாம்பல் நிற வகைகளிலேயே தீட்டச் செய்து, கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள தூரத்தைக் கட்டுப்படுத்தினார். மூன்று 35 மில்லிமீட்டர் காமிராக்கள் சக்கர வண்டிகளில் ஓசையின்றி ஊர்ந்து, நடுவிலிருப்பது முழுக்காட்சியையும் பக்கத்திலிருப்பவை முகங்களையும் ஒரே சமயத்தில் பிடித்தன. எதிரே சுமார் 300 பேர் படிவரிசையாக அமர்ந்திருந்தார்கள். நாட்கணக்கில் ஒத்திகை நடந்த பிறகு, வாரத்தில் ஒரு மாலை, நாடகத்தைப் போலவே ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரிசையாக நடித்து முடித்துவிடுவார்கள். பல காமிராக்களைக் கொண்டு டெலிவிஷனுக்குப் பிலிம் எடுப்பதை அவர்களுக்கு முன்பே சிலர் செய்து பார்த்ததுண்டு. அவர்களில் ஒருவராகிய ஆல் சைமனே டெஸிலுவில் வேலைக்கு அமர்ந்தார். ஆகவே டெஸியும் லூசிலும் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவது மிகை. சபையின் சிரிப்பும், நாடகத்தின் ஓட்டமும், சினிமாவின் தெளிவும் மூன்றும் கூடி வாரந்தோறும் தவறாமல் நடக்கும் ஓர் ஏற்பாடாக அதை ஆக்கிக் காட்டியது அவர்கள் செய்த காரியம். இன்றுவரை ஹாஸ்யத் தொடர்களில் பல அந்த முறையிலேயே எடுக்கப்படுகின்றன.

‘ஐ லவ் லூசி’ 1951 அக்டோபர் 15ஆம் தேதி திங்கட்கிழமை இரவு தொடங்கியது. வாத்தியக் கோஷ்டித் தலைவன் ரிக்கி ரிக்கார்டோ. எப்படியாவது மேடையேறிவிடத் துடிக்கும் அவன் மனைவி லூசி. அதே கட்டடத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர்களான மெர்ட்ஸ் தம்பதிகள். அவர்களாக நடித்த விவியன் வான்ஸும் வில்லியம் பிராலியும் திரைக்கு வெளியே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். 1952 மே மாதத்தில் வந்த ஒரு காட்சியில், ஏதோ ஒரு சத்து டானிக்குக்கு விளம்பரம் செய்ய ஒப்புக்கொள்ளும் லூசி, ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடித்துக் காட்டவேண்டியிருக்கிறது. அதில் நூற்றுக்கு 23 பங்கு சாராயம் கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. மருந்தின் நீண்ட பெயர் நாவில் மெல்ல மெல்லக் குழைந்து, புன்னகை ஒரு பக்கமாகச் சரிந்து, கடைசியில் விளம்பர வாசகம் முழுவதும் தலைகீழாகிவிடுகிறது. சிகரெட் அட்டையில் புன்னகை செய்து பிழைத்தவர், சிகரெட் கம்பெனியின் செலவிலேயே விளம்பரப் புன்னகையை இப்படிச் சந்தி சிரிக்க வைத்ததை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

திங்கட்கிழமை இரவு கடைவீதிகள் வெறிச்சோடியமையால், சிகாகோவின் பெருங்கடையாகிய மார்ஷல் பீல்டு தன்னுடைய இரவு வியாபாரத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. 1952இல் லூசில் மறுபடியும் கருவுற்றபோது, அதைக் கதையிலேயே சேர்த்துவிடுவதென்று டெஸி தீர்மானித்தார். விளம்பரக்காரர்கள் திடுக்கிட்டார்கள். கருவுற்ற பெண் டெலிவிஷன் திரையில் நடமாடுவதா என்பது அக்காலத்து மரியாதை. சிகரெட் கம்பெனித் தலைவரிடமே முறையிட்டுச் சம்மதம் பெற்ற பிறகு, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு பிராடஸ்டண்டுப் பாதிரியார், ஒரு யூத குரு ஆகிய மூவரும் ஒவ்வொரு காட்சியையும் எழுத்தில் பார்த்து அனுமதித்தார்கள். கர்ப்பத்தைக் குறிக்கும் நேரான சொல்லை மட்டும் யாரும் உச்சரிக்கவில்லை. 1953 ஜனவரி 19ஆம் தேதி காலையில் சஸ்திர சிகிச்சையின் மூலம் லூசிலுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்றிரவே, முன்பே எடுத்து வைத்திருந்த சுருளில், லூசி ரிக்கார்டோவுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. 4,40,00,000 பேர் அதைப் பார்த்தார்கள். மறுநாள் ஐஸன்ஹோவர் ஜனாதிபதி பதவி ஏற்றதைப் பார்த்தவர்கள் 2,90,00,000.

பிரசவத்தை ஒட்டி ஓய்வு தேவைப்பட்ட வாரங்களுக்குப் புதிய காட்சிகள் போதவில்லை. பழைய சுருள்களை எடுத்து ஓட்டினார்கள். ஜனங்கள் அவற்றையும் கூடியிருந்து பார்த்துச் சிரித்தார்கள். ஆயிரம் டாலரை விட்டு வாங்கிய பாத்தியதைக்கு என்ன விலை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கிற்று.

அதே வருஷம் செப்டம்பரில், பாட்டனார் பிரெட் ஹண்ட்டின் பழைய பக்தி பேத்தியைத் தேடி வந்தது. 1936இல் அந்தக் கிழவரைத் திருப்தி செய்வதற்காக லூசில் தம்மைக் கம்யூனிஸ்டு வாக்காளராகப் பதிவு செய்துகொண்டிருந்தார். கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்திலிருந்த அந்நாளில் அத்தகைய ஒரு கையெழுத்தினால் பிழைப்பை இழந்தவர்கள் ஹாலிவுட்டில் பலர். அமெரிக்கக் காங்கிரஸ் சபைக் கமிட்டியின் விசாரணையாளரிடம் அவர் ரகசியமாக வாக்குமூலம் கொடுத்த சில நாட்களுக்குள், வால்டர் வின்செல் என்னும் பத்திரிகையாளர் பெயர் சொல்லாமல் வானொலியில் அதை வெளியிட்டுவிட்டார். அந்த வாரப் படப்பிடிப்புக்கு வந்திருந்த சபையின் முன் டெஸி நின்று, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமயிர் ஒன்றுதான், அதுவும் சாயம் என்று அறிவித்தார். சபை எழுந்து ஆரவாரித்தது. கமிட்டியும் குற்றமில்லை என்று கைவிட்டது. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சிகரெட் கம்பெனி 80,00,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்திருந்தது என்பதையும், அதே மாதிரிக் கையெழுத்துக்காக அழிந்தவர்களுக்கு அவ்வளவு பெரிய சொத்து எதுவும் பின்னால் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த விடுதலையை மதிப்பிடுவது சரியன்று.

தொடர் 180 காட்சிகளோடு 1957 மே மாதத்தில், முதல் ஸ்தானத்தில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டது. டெஸிலு அதற்குள் பிறருக்கும் தொடர்கள் எடுத்துக்கொடுக்கும் பெரிய தொழிற்சாலையாகியிருந்தது. இடம் போதவில்லை. அந்த வருஷக் கடைசியில், ஹவர்டு ஹியூஸின் கையில் சீரழிந்து பிறகு டயர் கம்பெனி ஒன்றின் கைக்கு வந்திருந்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோக்களையே, அதாவது லூசில் ஏழு வருஷம் கூலிக்கு நடித்த கட்டடங்களையே, 61,50,000 டாலருக்குத் தம்பதிகள் வாங்கினார்கள். இந்த விஸ்தரிப்புக் காலத்திலேயே ‘ஐ லவ் லூசி’ சுருள்களின் உரிமையைச் சி.பி.எஸ்.ஸுக்கு 40,00,000 டாலருக்கு மேற்பட்ட ஒரு தொகைக்கு விற்றுவிட்டார்கள். முதலில் வேண்டாமென்று தள்ளிய சரக்கை அதே கம்பெனி அத்தனை விலை கொடுத்து வாங்கியதை அன்று எல்லோரும் டெஸியின் சாமர்த்தியமாகவே மெச்சினார்கள். எனக்கென்னவோ, அவர் செய்த வியாபாரங்களில் பிசகியது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. கட்டடங்களுக்கு வரியும் பழுதும் உண்டு. அந்தச் சுருள்களோ ஓட ஓடச் சம்பாதித்துக்கொண்டே இருந்தன, சி.பி.எஸ்.ஸுக்கு.

கணவரை ஒரே ஊரில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு நிறைவேறியது; ஒரே வீட்டில் வைத்துக்கொள்வது மட்டும் முடியவில்லை. கம்பெனி பெருக்கப் பெருக்க டெஸியின் குடியும் பெருகிற்று. 1960 மார்ச்சு 2ஆம் தேதி, டெஸியின் பிறந்த நாளன்று, இருவரும் சேர்ந்து நடித்த கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது. மறுநாள் லூசில் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்தார். 1962இல் டெஸியின் பங்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டு கம்பெனியின் தலைமையை ஏற்றார். ஹாலிவுட்டின் ஒரு பெரிய ஸ்டூடியோவுக்குத் தனியாகத் தலைமை வகித்த பெண் அவருக்கு முன் இல்லை. கணக்குப் புஸ்தகங்களில் அவருக்கு ருசி கிடையாது. நடிப்பது தம் வேலை என்றே கருதினார். ஆயினும் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் ஆகாயக் கப்பல் தொடருக்கு ஆகும் செலவைக் கண்டு நிர்வாக சபையார் அஞ்சிப் பின்வாங்கியபோது, அவர்கள் வார்த்தையைத் தள்ளி அதை எடுக்கச் செய்தவர் அவரே. 1966 செப்டம்பரில் அதுவும், ‘மிஷன் இம்பாஸிபிள்’ என்னும் உளவுத் தொடரும் ஒரே மாதத்தில் வெளிவந்தன. மறுவருஷம் கம்பெனியை 1,70,00,000 டாலருக்கு கல்ப் அண்டு வெஸ்டர்ன் நிறுவனத்தாருக்கு விற்றுவிட்டு, அடுத்த தொடரைத் தம் பெயரிலேயே ஒரு சிறிய கம்பெனி வைத்துக்கொண்டு, தம் இரண்டு குழந்தைகளையும் உடன் நடிக்கச் செய்து எடுத்தார். அந்தச் சுருள்களை அவர் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

1986இல், எழுபத்தைந்தாவது வயதில், ஏ.பி.சி. கம்பெனிக்காக ஒரு புதிய தொடர் தொடங்கினார். 13 காட்சிகள் எடுத்து எட்டே ஒளிபரப்பாகி நின்றுபோயின. அந்த டிசம்பர் 2ஆம் தேதி டெஸி காலமானார். 1989 ஏப்ரல் 26ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில், பெருந்தமனி கிழிந்து லூசில் பால் இறந்தபோது அவருக்கு வயது 77. ‘ஐ லவ் லூசி’ அப்போதும் பல ஊர்களில் ஓடிக்கொண்டிருந்தது.

இவர்கள் பிலிமை நம்பிச் செய்த ஏற்பாடு ஐந்து வருஷம்கூட எதிரியின்றி நிற்கவில்லை. 1956 ஏப்ரலில், ஆம்பெக்ஸ் கம்பெனியார் ஒளியையும் ஒலியையும் ஒருங்கே காந்த நாடாவில் பதிக்கும் யந்திரம் ஒன்றைச் சிகாகோவில் கொண்டுவந்து வைத்து, டெலிவிஷன்காரர்களைத் திகைக்க வைத்தார்கள். அந்த விவரத்தை அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.